கல்லூரி ஷார்ட்ஸ்டாப் நன்றாக அடிக்கிறான், ஸ்கவுட் ஏன் தயங்குகிறார்?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். டெக்சாஸில் உங்கள் ஊர்க் கல்லூரியின் பேஸ்பால் அணியை மூன்று வருடமாகப் பார்த்து வருகிறீர்கள். அதில் ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் ஆடும் மூன்றாம் ஆண்டு மாணவன் இந்த சீசனில் .350 அடித்திருக்கிறான், அதாவது நூறு அடிக்கும் வாய்ப்பில் 35 ஹிட். வேலியைத் தாண்டும் ஹோம் ரன்னும் 14 இருக்கிறது. தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்கள் ஆட்டத்துக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவரிடம் நீங்கள் பேச்சுக் கொடுத்தபோது, "நல்ல பையன். ஆனால் ஷார்ட்ஸ்டாப்பில் நிலைக்க மாட்டான், அவன் பேட்டிங்கும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவு அடிக்கிறவனிடம் இதற்கு மேல் என்னதான் எதிர்பார்க்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். ஒரு கல்லூரி அணியில் ஒன்பது வருடம் வீடியோ, தரவு வேலை பார்த்தேன். அப்புறம் நான்கு வருடம் ஒரு தொழில்முறை அணியின் வட்டார ஸ்கவுட்டுக்கு உதவியாக ஆட்டங்களுக்குப் போய் அறிக்கை எழுதினேன். யாரை எடுப்பது என்று முடிவு செய்யும் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. உங்கள் ஊர்ப் பையனை நேரில் பார்த்ததும் இல்லை. அதனால் அவன் தேறுவானா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. அந்த ஸ்கவுட் என்ன பார்த்திருப்பார், அதில் எது உறுதி, எது யூகம் என்பதைச் சொல்ல முடியும்.

அவர் சொன்னது இரண்டு குறை மாதிரித் தெரிகிறது. என் அனுபவத்தில் அது ஒரே கணக்கு. பேட்டர் அடித்துவிட்டு ஓடி வரிசையாக மிதிக்க வேண்டிய இடங்கள்தான் பேஸ்கள். அவற்றை ஒட்டிய உள்வட்டத்தில் நான்கு பேர் நிற்கிறார்கள்: ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், செகண்டுக்கும் தேர்டுக்கும் நடுவில் ஷார்ட்ஸ்டாப். பேட்டர்களில் வலக்கைக்காரர்கள் அதிகம் என்பதால் தரையோடு வரும் பந்துகள் ஷார்ட்ஸ்டாப் பக்கம்தான் நிறைய வரும். ஓடி எடுக்க வேண்டிய பரப்பும் பெரியது, எறிய வேண்டிய தூரமும் அதிகம். இங்கே நிற்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் ஷார்ட்ஸ்டாப்பிடம் சுமாரான பேட்டிங் இருந்தாலே அணிகள் ஏற்றுக்கொள்ளும். செகண்டுக்கோ தேர்டுக்கோ நகர்ந்தால் எதிர்பார்ப்பு ஏறும். ஃபர்ஸ்ட் பேஸுக்கு வந்துவிட்டால் முழுக்க பேட்டால்தான் பிழைக்க வேண்டும். பால் கோல்ட்ஷ்மிட் டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அப்படி அடித்தவர். ஆனாலும் ஃபர்ஸ்ட் பேஸ் ஆள் என்பதால், தொழில்முறை அணிகள் ரவுண்டு ரவுண்டாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2009இல் எட்டாவது ரவுண்டு வரை காத்திருந்தார். உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் நேஷனல், அமெரிக்கன் என்று இரண்டு லீகுகள். 2022இல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஆக, உங்கள் பையனின் பேட்டிங் போதுமா என்ற கேள்விக்கு, 25 வயதில் அவன் எங்கே நிற்பான் என்று தெரியாமல் பதிலே சொல்ல முடியாது. அந்த ஸ்கவுட்டின் இரண்டு வாக்கியமும் இந்த இடத்தில்தான் ஒன்று சேர்கின்றன.

ஷார்ட்ஸ்டாப்பில் நிலைப்பானா என்பதைக் கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். வலக்கை பேட்டர் ஒருவர் பந்தை அடித்த நொடியிலிருந்து முதல் பேஸை மிதிக்க 4.3 நொடி எடுத்தால் அது மேஜர் லீக் சராசரி. இடக்கைக்காரர் ஓர் எட்டு முன்னாலிருந்து கிளம்புகிறார், அவருக்கு 4.2. வேகமானவர்கள் 4 நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்கள். பந்து உருண்டு வந்து சேர்வது, குனிந்து எடுத்துக் கைமாற்றுவது, எறிந்த பந்து ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போவது எல்லாம் இந்த நேரத்துக்குள் முடிய வேண்டும். தேர்ட் பேஸிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு நேர்தூரம் 127 அடி. ஷார்ட்ஸ்டாப் தன் வலப்பக்கம் ஆழமாக ஓடி எடுத்தால் அதைவிட அதிகத் தூரம் எறிய வேண்டியிருக்கும், அதுவும் உடம்பு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும்போது. கல்லூரியில் எதிரணி ஓட்டக்காரர்கள் சற்று மெதுவானவர்கள், அடிக்கும் பந்தும் அவ்வளவு வேகமாக வராது. அங்கே அரை அடி மிச்சத்தில் அவுட் ஆக்குகிறவன் மேலே போனால் அதே பந்தில் அரை அடி பின்தங்கிவிடுவான்.

அதனால் ஃபீல்டர் செய்யும் பிழைகளை எண்ணும் எரர் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எரர் குறைவாக இருக்கிறது என்றால் அவன் எட்ட முடிந்த பந்துகளைச் சரியாகக் கையாண்டான் என்று அர்த்தம். எட்டாமல் போன பந்துகள் அந்தக் கணக்கில் வராது. மார்கஸ் செமியன் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடி 2011இல் ஆறாவது ரவுண்டில் போனவர். ஓக்லாந்து அணியில் 2015இல் ஷார்ட்ஸ்டாப்பாக 35 எரர் செய்தார். அந்த எண்ணை மட்டும் பார்த்தவர்கள் அவரை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார்கள். அந்த வருடமே ரான் வாஷிங்டன் என்ற பயிற்சியாளர் வந்தார். தினமும் ஆட்டத்துக்கு முன் மண்டியிட்டு உட்காரவைத்துப் பந்து எடுப்பதிலிருந்து ஆரம்பித்து அவருடைய கால், கை இரண்டையும் திருத்தினார். பின்னாளில் செமியன் செகண்ட் பேஸில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு க்ளவ் விருது வாங்கினார். எடுக்கும் முறை திருந்தும், எறியும் கோணமும் திருந்தும். முதல் அடி எடுத்து வைக்கும் வேகத்தை மட்டும் பெரிய அளவில் ஏற்றிக் காட்டிய ஆளை நான் பார்க்கவில்லை. பந்து பேட்டில் படும் அந்தக் கணத்தில் அவன் பாதங்கள் ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கின்றனவா, அல்லது பந்தைப் பார்த்த பிறகுதான் அசைகின்றனவா? கிரிக்கெட்டில் பாயின்ட்டில் நல்ல ஃபீல்டர் பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே உள்ளே நடந்து வருவாரே, அதே விஷயம்தான்.

கை பலம் பற்றி ஒரு எச்சரிக்கை. ரேடார் கருவியில் வேகம் குறைவாகக் காட்டினால் பலர் உடனே செகண்ட் பேஸ் என்று எழுதிவிடுவார்கள். டேவிட் எக்ஸ்டைனின் எறி பலவீனமானது என்று எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து 1997இல் 19ஆவது ரவுண்டில்தான் போனார். சற்று முன்னால் நின்று, பந்தை எடுத்த வேகத்திலேயே எறிந்து, முழு உடம்பையும் தூக்கிப் போட்டு அந்தக் குறையை ஈடுகட்டினார். 2006இல் மேஜர் லீக் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸில் செயின்ட் லூயிஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப் அவர்தான், தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. இருந்தாலும் இதை விதிவிலக்காகத்தான் சொல்கிறேன். எக்ஸ்டைனைக் காட்டி எறி பலவீனமான எல்லா ஷார்ட்ஸ்டாப்பையும் எடுத்தால் அணி திவாலாகிவிடும்.

ஷார்ட்ஸ்டாப்பில் நிலைக்க மாட்டான் என்பது கெட்ட செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். டஸ்டின் பெட்ரோயா அரிசோனா ஸ்டேட்டில் ஷார்ட்ஸ்டாப். 2004இல் பாஸ்டன் அணி இரண்டாவது ரவுண்டில், 65ஆவது ஆளாக எடுத்தது. செகண்ட் பேஸுக்கு மாறினார், 2008இல் அமெரிக்கன் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் பிரெக்மன் 2015இல் இரண்டாவது ஆளாக ஹூஸ்டனுக்குப் போனார். அங்கே ஷார்ட்ஸ்டாப்பில் கார்லோஸ் கொரேயா இருந்ததால் தேர்ட் பேஸில் நின்றார். லாங் பீச் ஸ்டேட்டில் எவன் லாங்கோரியா தேர்ட் பேஸ் ஆடியதற்குக் காரணமே பக்கத்தில் டிராய் டுலோவிட்ஸ்கி ஷார்ட்ஸ்டாப் ஆடியதுதான். டுலோவிட்ஸ்கி 2005இல் ஏழாவது ஆளாகவும், லாங்கோரியா 2006இல் மூன்றாவது ஆளாகவும் போனார்கள். ஒரே ஒரு மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2023 முதல் செகண்ட் பேஸின் இரு பக்கமும் உள்வட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேர் நின்றே ஆக வேண்டும் என்று மேஜர் லீக் விதி வைத்துவிட்டது. அதற்கு முன் ஃபீல்டர்களை ஒரு பக்கமாகக் குவித்து, கால் மெதுவான செகண்ட் பேஸ்காரரை மறைத்துவைக்க முடிந்தது. இப்போது அந்த மறைவிடம் சுருங்கிவிட்டது. உங்கள் பையனுக்கு செகண்ட் பேஸ் என்று சொன்னால், அங்கேயும் அவன் கால் தாங்குமா என்று கேட்கத்தான் வேண்டும்.

இனி பேட்டிங். கல்லூரியின் வழக்கமான சீசனில் அதிகபட்சம் 56 ஆட்டம். முழுநேரம் ஆடுகிறவனுக்குச் சுமார் 200 அடிக்கும் வாய்ப்பு கிடைக்கும். 200க்கு 70 ஹிட் என்றால் .350, 60 ஹிட் என்றால் .300. இடையில் இருப்பது பத்தே பத்து ஹிட், பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை பார்த்தால் வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஃபீல்டர் தலைக்கு மேல் தொப்பென்று விழும் பந்துகள் அந்தப் பத்தை எளிதாகக் கொடுக்கும், எளிதாகப் பறிக்கும். எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த எண்ணைப் பிரித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது.

பிரிப்பதில் முதல் வேலை வெள்ளிக்கிழமையைத் தனியாக எடுப்பது. கல்லூரி அணிகள் வெள்ளி, சனி, ஞாயிறு ஒரே எதிரணியோடு மூன்று ஆட்டம் ஆடும், வாரத்தின் நடுவில் செவ்வாயோ புதனோ ஒன்று. எதிரணியின் முதல்தரப் பிட்ச்சர் வெள்ளிக்கிழமைதான் எறிவான். செவ்வாய்க்கிழமை எறிகிறவன் பெரும்பாலும் முதலாம் ஆண்டு மாணவன், சில சமயம் நான்கைந்து பேர் மாறி மாறி வருவார்கள். வெள்ளிக்கிழமைப் பிட்ச்சர்களில் சிலர்தான் நாளைக்கு இரண்டாம்நிலை லீக்குகளில் இவன் எதிரில் நிற்கப் போகிறவர்கள். 14 ஹோம் ரன்னில் எத்தனை வெள்ளிக்கிழமை வந்தன, எத்தனை செவ்வாய்க்கிழமை வந்தன? இதைப் பிரித்துப் பார்த்து நான் மனதை மாற்றிக்கொண்ட பையன்கள் பலர். எந்த மைதானத்தில் வந்தன என்பதும் முக்கியம். லப்பக் 3,200 அடி உயரத்தில் இருக்கிறது, அல்பகர்க்கி 5,000 அடிக்குப் பக்கத்தில். காற்று லேசாக இருக்கும் ஊரில் கேட்ச்சாக வேண்டிய பந்து வேலியைத் தாண்டிவிடும்.

அப்புறம் பேட். கல்லூரியில் உலோக பேட், தொழில்முறையில் மர பேட். 2011 முதல் கல்லூரி உலோக பேட்டுகளுக்கு ஒரு கடுமையான தர அளவு வந்தது, பந்து எகிறும் தன்மை மரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரப்பட்டது. அதனால் இன்று உலோக பேட் ஹோம் ரன் என்றாலே போலி என்று சொல்ல முடியாது. மிச்சமிருக்கும் வித்தியாசம் தப்பாக அடித்த பந்துகளில்தான் தெரியும். உடம்பை ஒட்டி வரும் பந்து கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்டால் உலோக பேட்டில் அது ஷார்ட்ஸ்டாப் தலைக்கு மேலே போய் விழும். மர பேட்டில் பேட் உடையும், பந்து பிட்ச்சரிடம் உருண்டு போகும். இதனால்தான் கோடையில் மாசசூசெட்ஸில் நடக்கும் கேப் காட் லீகை ஸ்கவுட்கள் அவ்வளவு மதிக்கிறார்கள். 1985 முதல் அங்கே மர பேட்தான், எதிரில் எறிகிறவர்களும் நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த கல்லூரிப் பிட்ச்சர்கள். மேலே சொன்ன லாங்கோரியா 2005 கோடையில் அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரர் ஆன பிறகுதான் அவரைப் பற்றிய பேச்சே மாறியது. பள்ளி முடித்தபோது அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. உங்கள் பையன் போன கோடையில் எங்கே ஆடினான் என்று தேடிப் பாருங்கள். அங்கே எடுத்த எண், .260 ஆக இருந்தாலும், எனக்கு இந்த .350ஐவிட அதிகம் சொல்லும்.

மூன்றாவது, ஹிட் கணக்கை ஒதுக்கிவிட்டு ஸ்ட்ரைக் அவுட், வாக் இரண்டையும் பார்ப்பது. மூன்று ஸ்ட்ரைக் ஆகி பேட்டர் வெளியேறுவது ஸ்ட்ரைக் அவுட். அடிக்கத் தோதான ஸ்ட்ரைக் பரப்புக்கு வெளியே வரும் பந்துகளில் நான்கை அடிக்காமல் விட்டு முதல் பேஸுக்கு நடந்து போவது வாக். கல்லூரியில் நூறு முறை பேட் செய்து இருபது தடவைக்கு மேல் ஸ்ட்ரைக் அவுட் ஆகிறவனைக் கண்டால் நான் நிதானிப்பேன். வாக் ஸ்ட்ரைக் அவுட்டுக்குச் சமமாக இருந்தால் சந்தோஷப்படுவேன். காரணம் எளிது. 95 மைல் வேகப் பந்து பிட்ச்சர் கையை விட்டு பேட்டரை அடைய 0.4 நொடிதான். அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று தீர்மானித்திருக்க வேண்டும். கல்லூரியில் 89 மைலுக்கு எதிராகவே தப்பான பந்துகளைத் துரத்துகிறவன், 95க்கு எதிராகக் குறைவாகத் துரத்துவான் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் பந்தைத் தவறவிடாமல் தொடுவது மட்டும் போதாது. நிக் மாட்ரிகல் ஆரிகன் ஸ்டேட்டில் ஸ்ட்ரைக் அவுட்டே ஆகமாட்டார் என்று பேரெடுத்தவர், 2018இல் நான்காவது ஆளாகப் போனார். மேஜர் லீகிலும் பந்தைத் தொட்டார். பலம் வரவில்லை, அடிக்கடி காயம்பட்டார், எதிர்பார்த்த உயரத்துக்குப் போக முடியவில்லை. அதனால் பந்து பேட்டைவிட்டுக் கிளம்பும் வேகத்தையும் இப்போது எல்லோரும் பார்க்கிறார்கள். அவன் கடுமையாக அடித்த பத்தில் ஒரு பங்கு பந்துகள் 104, 105 மைலுக்குப் பக்கத்தில் கிளம்பினால் மேஜர் லீக் சராசரிப் பலம் இருக்கிறது என்பேன். இந்த எண் பேட்டைப் பொறுத்தும் ஓரளவு மாறும். ஆனால் சில வாரங்களிலேயே நிலைத்துவிடும் என்பதால் இதை ஹிட் சராசரியைவிட நம்புகிறேன்.

இதெல்லாம் கடைசியில் 20 முதல் 80 வரையான ஓர் அளவுகோலில் போய் உட்காரும். அடிக்கும் திறன், பலம், ஓட்டம், ஃபீல்டிங், எறி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்: இன்று எவ்வளவு, வளர்ந்து முடித்தபின் எவ்வளவு. 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஓட்டத்துக்கும் எறிக்கும் போடும் எண் கருவியில் அளந்தது, அதில் சண்டைக்கு இடமில்லை. ஃபீல்டிங் எண்ணை இரண்டு அனுபவசாலிகள் பத்துப் புள்ளி வித்தியாசத்துக்குள் போட்டுவிடுவார்கள். அடிக்கும் திறனின் எதிர்கால எண்தான் எல்லாவற்றையும்விட முக்கியமானது, எல்லாவற்றையும்விட அதிகமாகத் தப்பிப்போவதும் அதுதான். கார்டன் பெக்கம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் ஷார்ட்ஸ்டாப். எல்லோரும் ஒத்துக்கொண்ட பேட்டர், 2008இல் எட்டாவது ஆளாகப் போனார், அடுத்த வருடமே சிகாகோ வைட் சாக்ஸ் அணியில் நன்றாக ஆடினார். அப்புறம் அந்தப் பேட் திரும்பி வரவே இல்லை. அவரைப் பார்த்து எழுதியவர்கள் அசட்டையாக எழுதியவர்கள் இல்லை.

நானும் இந்த இடத்தில்தான் தவறினேன். ஒரு தேர்ட் பேஸ் பையனை ஒரு வசந்தம் முழுக்கப் பின்தொடர்ந்தேன். பலம் அபாரம், எறி அபாரம், பழகவும் தங்கமானவன். வெளிப்பக்கம் விலகிப்போகும் ஸ்லைடர் என்ற வளைபந்தை மட்டும் விடவே மாட்டான், துரத்தித் துரத்தி ஸ்ட்ரைக் அவுட் ஆவான். வயது 21தான், பயிற்சியில் சரியாகிவிடும் என்று எழுதினேன். எடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து, மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே இருக்கும் டபுள் ஏ நிலையில் அவனை விட்டுவிட்டபோதும் அதே பந்தைத்தான் துரத்திக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்துப்போனதால் அந்த வரியை எழுதினேன் என்பது இப்போது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவன் அம்மா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நான்கு மணி நேரம் கார் ஓட்டி வருவார். அது இன்றும் மனதை உறுத்துகிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துவிடுகிறேன், அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். நான்காண்டுக் கல்லூரி மாணவன் மூன்றாம் ஆண்டு முடிந்ததும் டிராஃப்டுக்குத் தகுதி பெறுகிறான், அல்லது 21 வயது நிரம்பினால் அதற்கு முன்பே. 2021 முதல் டிராஃப்ட் 20 ரவுண்டுதான், முன்பு 40 இருந்தது. 30 அணிகளும் சேர்ந்து அறுநூற்றுச் சொச்சம் பேரை எடுக்கின்றன. அதில் பள்ளிப் பையன்களும் உண்டு, பெரும்பகுதி பிட்ச்சர்கள். முதல் டிவிஷன் கல்லூரி அணிகளே 300 இருக்கின்றன, அத்தனை அணியிலும் ஒரு ஷார்ட்ஸ்டாப் நிற்கிறான். மூன்றாம் ஆண்டில் எடுத்தால், பணம் போதாது என்று சொல்லி நான்காம் ஆண்டுக்குத் திரும்பிப் போக அவனுக்கு உரிமை உண்டு. பேரம் பேச இருக்கும் ஒரே பலம் அதுதான். நான்காம் ஆண்டு முடிந்தவனுக்குப் பெரும்பாலும் அது இருக்காது, கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே இந்த ஜூலையில் வரும் அழைப்பை அடுத்த வருடம் இன்னும் நன்றாக ஆடி வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் முன் ஆற அமர யோசிக்கச் சொல்லுங்கள்.

சரி, நீங்களே பார்த்துச் சொல்ல ஒரு வழி. அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் உட்காருங்கள். அவன் வலக்கை பேட்டர் என்றால் அங்கிருந்து நெஞ்சு, கை, முன்கால் எல்லாம் தெரியும், ஷார்ட்ஸ்டாப்பில் நிற்கும்போது பாதமும் தெரியும். ஆட்டத்துக்கு முன் நடக்கும் பயிற்சியில் அவனுக்கு வலப்பக்கம் ஆழமாகப் பயிற்சியாளர் அடித்துவிடும் பந்துகளை மட்டும் கவனியுங்கள். எறிவதற்கு முன் எத்தனை அடி எடுத்துவைக்கிறான் என்று எண்ணுங்கள். ஆட்டத்தில் அவன் எதிர்கொள்ளும் ஒவ்வொரு பந்தையும் ஒரு தாளில் குறியுங்கள்: ஸ்ட்ரைக் பரப்புக்கு வெளியே வந்த சுழல் பந்து எத்தனை, அதில் எத்தனைக்கு பேட்டைச் சுழற்றினான் என்று. நான்கு வெள்ளிக்கிழமை போதும். பையனின் பெயர் எனக்கு வேண்டாம். அந்த நான்கு தாளையும், போன கோடையில் எந்த லீகில் ஆடினான் என்பதையும் எழுதுங்கள், மீதியைப் பேசுவோம்.